வேதநாயகர் எள்ளலில் வழக்குமன்றம்

நகைச்சுவையின் நிலைக்களங்கள் நான்கனுள் எள்ளலை முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். வழக்குமன்றத்தை எள்ளுவோர் பெரும்பாலும் அதன் புறத்தே நிற்போர் ஆவர். மாயூரம் வேதநாயகம் பிள்ளையோ (1826–1889) அதன் அகத்தே அமர்ந்திருந்தவர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீபாக விளங்கியவர். 1879-இல் வெளிவந்த அவர்தம் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் காணும் எள்ளலை ஈண்டு ஆராய்வாம்.

விக்கிரமபுரியில் பிரதாபன் தன் செருப்பைத் தைக்கத் தருகின்றான். தன்னை மகிழ்வித்தலே கூலி என்கின்றான் தைப்பவன். எவ்வளவு கொடுப்பினும் அவனுக்கு மகிழ்ச்சி பிறந்திலது. வழக்கு மன்றம் ஏறுகின்றது, பிரதாபன் சிறைப்படுகின்றான். பின்னர், ஆண்வேடத்தில் அரசுகட்டில் ஏறிய ஞானாம்பாள் அவ்வழக்கை மீள விசாரிக்கின்றாள். தான் முடிசூடியமை அவனுக்கு மகிழ்ச்சியா என வினவுகின்றாள். அரசன்முன் ‘இல்லை’ என்னலாமோ? மகிழ்ச்சி என்று அவன் கூறவே, கூலி தீர்ந்தது. பிரதாபன் விடுதலை பெறுகின்றான்.

இது மரியாதைராமன் கதை போல்வதொன்றே எனச் சிலர் கருதலாம். அஃது ஒரு புடை உண்மையே. ஆயினும், அக்கதைகளில் நடுவனின் கூர்மதி போற்றப்படும்; ஈண்டோ, சொல்லைப் பற்றிப் பொருளைக் கைவிட்ட நடுவனே முதலில் நகைக்கப்படுகின்றான். மேலும், பிரதாபனை மீட்டது சட்டமன்று. மனைவி அரசாள நேர்ந்த தற்செயலே. அந்நற்பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

ஆகலின், அந்நூலின் மற்றோர் எள்ளலையும் உடன்வைத்து நோக்கல் வேண்டும். நடுவரும் தமிழர், வழக்கறிஞரும் தமிழர், வழக்காடுவோரும் தமிழர்; வாதமோ ஆங்கிலம்! தன் உடைமையும் உரிமையும் பற்றிப் பேசப்படுவதை உரியவனே அறியாது நிற்கும் நிலையை ஆசிரியர் கடிகின்றார். இதற்கு அவர் கண்ட மருந்து கூர்மதியன்று. சட்டம் தமிழில் வழங்குதலேயாம். 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளை அவரே தமிழாக்கித் தந்தமை இதற்குச் சான்று. எனவே, அவரது எள்ளல் தொழிலைப் பழிப்பதன்று. மன்றத்திற்கும் மக்கட்கும் இடைப்பட்ட தொலைவைச் சுட்டுவது என்பது எம் துணிபு.

ஆட்சிமொழிச் சட்டத்திற்கு 1976-இல் வந்த திருத்தம் கீழ்நிலை மன்றங்களில் தமிழுக்கு இடமளித்தது. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டுமெனச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானித்தும் அது நிறைவேறிற்றிலது. நூல் தோன்றி ஒரு நூற்றாண்டின் மேலாகியும் அதன் நகை பழமையுறாமை நாம் மகிழத்தக்கதன்று.