நிறம் மாறாத குழி

ஹெச்.ஐ.வி. தொற்று உண்டா என்று ரத்தத்தைப் பார்க்கும் எலிசா சோதனைத் தட்டில் 96 குழிகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 26 வருஷம் வேலை பார்த்தேன். மஞ்சளாகும் குழிதான் எங்கள் கவலையெல்லாம். அதற்கு மறுபரிசோதனை உண்டு, ஆலோசகர் உண்டு. நிறம் மாறாத குழியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நெகட்டிவ் என்று எழுதி ஆளை அனுப்பிவிடுவோம்.

அப்படிப் போக மறுத்தவர் நியூயார்க் ஓவியர் ஸ்டீவ் கிரோன். அவருடைய துணைவர் ஜெர்ரி கிரீன் 1982 மார்ச்சில் இறந்தபோது, அவரைக் கொன்ற நோய்க்கு எய்ட்ஸ் என்று பெயர்கூட வைத்திருக்கவில்லை. பிறகு நண்பர்கள் வரிசையாகப் போனார்கள். இவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தப்பித்தது போதும் என்று இருக்காமல், தன்னை மட்டும் ஏன் விட்டுவைத்தது என்று ஆராய்ச்சியாளர்களிடம் போய் நின்றார்.

ஆரன் டைமண்ட் எய்ட்ஸ் ஆய்வு மையத்தில் பில் பாக்ஸ்டன் அவரது ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, அவற்றில் வைரஸை விட்டுப் பார்த்தார். தொற்றவில்லை. அளவைக் கூட்டினார். அப்போதும் தொற்றவில்லை.

காரணம் 1996இல் பிடிபட்டது. ஹெச்.ஐ.வி. உயிரணுவுக்குள் நுழைய சிடி4 என்ற பிடி மட்டும் போதாது, சிசிஆர்5 என்ற இன்னொரு பிடியும் வேண்டும். அந்தப் பிடிக்கான மரபணுவில் கிரோனுக்கு 32 எழுத்துகள் விடுபட்டிருந்தன. அம்மா கொடுத்த பிரதி, அப்பா கொடுத்த பிரதி இரண்டிலுமே. அதனால் பிடி உயிரணுவின் மேற்பரப்புக்கு வந்து சேரவே இல்லை. சொல்லப்போனால் அது ஒரு பழுது. ஒரு பிரதி மட்டும் பழுதென்றால் தொற்று வரும், ஆனால் நோய் மெதுவாக முற்றும். வட ஐரோப்பிய வம்சாவளியில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இரண்டும் பழுது. நம் பக்கம் அரிதிலும் அரிது. என் தட்டில் அப்படி ஒருவர் வந்துபோயிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. நெகட்டிவ் என்றுதான் எழுதியிருப்பேன்.

அந்தப் பிடியை மறைக்கும் மராவிராக் மாத்திரை 2007இல் வந்தது. அதே வருஷம் பெர்லினில், ரத்தப் புற்றுநோயும் ஹெச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்த டிமதி ரே பிரவுனுக்கு, இதே பழுதுள்ள கொடையாளரைத் தேடிப்பிடித்து டாக்டர் கெரோ ஹியூட்டர் ஸ்டெம் செல் மாற்றினார். புற்றுநோய் திரும்பியது, வைரஸ் திரும்பவில்லை.

கிரோன் 2013 ஆகஸ்ட்டில், 66 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அதுவரையிலும் அவருக்கு ஹெச்.ஐ.வி. தொற்றவில்லை.