உடன்பொறுப்பு: ஒரு சொல்லும் ஒரு வேலைநிறுத்தமும்

'ஸாலிடாரிட்டி' என்ற சொல்லை நாம் ஒருமைப்பாடு, தோழமை, கூட்டுணர்வு என்று பலவாறாக எழுதிவருகிறோம். ஒருமைப்பாடு என்றதும் எனக்குத் தேசிய ஒருமைப்பாட்டு உறுதிமொழிதான் நினைவுக்கு வருகிறது. தோழமை நல்ல சொல். ஆனால் அதில் நட்பின் இதம் அதிகம், சுமை குறைவு. மூலச்சொல்லின் பிறப்போ கடன் விவகாரத்தில். பலர் சேர்ந்து கடன்பட்டால் அவர்களில் எவர் ஒருவரிடமும் முழுக் கடனையும் கேட்கலாம் என்ற ரோமானியச் சட்ட ஏற்பாட்டுக்கு 'இன் ஸாலிடும்' என்று பெயர். பிரெஞ்சுச் சட்டத்தின் வழியே வந்து, 19ஆம் நூற்றாண்டில் அது தொழிலாளர் இயக்கத்தின் சொல்லாயிற்று. அதனால் 'உடன்பொறுப்பு' என்று எழுதுவதையே நான் விரும்புகிறேன். இரக்கப்படுகிறவர் தம்மால் ஆனதைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். உடன்பொறுப்பாளிக்கு அந்த வசதி கிடையாது.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் அயர்லாந்தில் நடந்தது. 1984 ஜூலை 19 அன்று டப்ளின் ஹென்றி தெருவிலுள்ள டன்ஸ் ஸ்டோர்ஸ் கடையில் மேரி மானிங் என்ற 21 வயதுக் காசாளர், தென்னாப்பிரிக்க கிரேப்ஃப்ரூட் பழங்களுக்குப் பில் போட மறுத்தார். இனஒதுக்கல் ஆட்சியின் பொருள்களைக் கையாளக்கூடாது என்று அவருடைய தொழிற்சங்கம் முடிவு செய்திருந்தது. நிர்வாகம் அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தது. கிளைப் பிரதிநிதி கேரன் கியரனும் விரல்விட்டு எண்ணத்தக்க சக ஊழியர்களும் அவருடன் வெளியேறினார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள்.

இனஒதுக்கலைப் பற்றி அப்போது தங்களுக்கு அதிகம் தெரியாது என்று பின்னாளில் அவர்களே சொன்னார்கள். சங்கத்தின் முடிவை மதித்து நின்றார்கள், அவ்வளவுதான். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. எல்லாவற்றையும் படித்துத் தெளிந்த பிறகுதான் ஒருவர் பக்கம் நிற்கவேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம் (அதற்குள் பெரும்பாலும் விஷயமே முடிந்துவிடுகிறது). இவர்களுக்குப் படிப்பு நடைபாதையில் நடந்தது. நாடுகடந்து வாழ்ந்த தென்னாப்பிரிக்கத் தொழிற்சங்கவாதி நிம்ராட் செஜாகே மறியலில் வந்து சேர்ந்துகொண்டார். 1956இல் மண்டேலாவோடு தேசத்துரோக வழக்கில் கைதானவர் அவர். சுரங்கங்களிலும் பண்ணைகளிலும் மனிதர்கள் எப்படி வேலை வாங்கப்படுகிறார்கள் என்பதை அவர்கள் அவரிடம்தான் கற்றார்கள்.

சங்கம் தந்த உதவித்தொகை வாரத்துக்கு 21 பவுண்டு. அதை வைத்து வாடகை கொடுப்பது எப்படி? வாடிக்கையாளர்கள் சிலர் திட்டிக்கொண்டே கடைக்குள் போனார்கள். 1984 டிசம்பரில், நோபல் பரிசு பெறச் சென்றுகொண்டிருந்த டெஸ்மண்ட் டுட்டு அவர்களை லண்டனில் சந்தித்தார். அதன் பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. 1985இல் தென்னாப்பிரிக்காவுக்கே புறப்பட்டுப் போனார்கள். ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தைத் தாண்ட விடாமல் ஆயுதக் காவலில் வைத்து, திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வேலைநிறுத்தம் ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டு நீடித்தது. 1987இல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கப் பழங்களையும் காய்கறிகளையும் இறக்குமதி செய்யத் தடை விதித்தது. 1990இல் சிறைமீண்ட மண்டேலா டப்ளின் வந்தபோது அந்தக் கடை ஊழியர்களைச் சந்தித்தார்.