ஊசி போட்டும் வந்த நோய்: தண்டையார்பேட்டையின் பழைய கணக்கு

வடசென்னையில் வளர்ந்தவர்களுக்குத் தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரி என்றாலே ஒரு நடுக்கம் உண்டு. காலரா, அம்மை என்று தொற்றிக்கொள்ளும் நோய் எது வந்தாலும் அங்கேதான் கொண்டுபோவார்கள். ராயபுரத்தில் எங்கள் தெருவில், “தண்டையார்பேட்டைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க” என்று ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னால், அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்தத் தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ் என்பவர் பெரியம்மை நோயாளிகளை ஆயிரக்கணக்கில் பார்த்து, ஒவ்வொருவருக்கும் கொப்புளம் எப்படிக் கிளம்பியது, எப்போது காய்ந்தது, ஆள் பிழைத்தாரா இல்லையா என்று குறித்துவைத்தார். 1972இல் அதை நூலாகவும் எழுதினார். பெரியம்மையை அவர் வகை பிரித்த முறையைத்தான் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

அந்தப் பதிவில் இருக்கும் ஒரு கணக்கு எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அவர் எடுத்துக்கொண்ட நோயாளிகள் மொத்தம் 6,942 பேர். அதில் 3,544 பேர் அம்மை குத்திக்கொள்ளாதவர்கள், அதாவது பெரியம்மைத் தடுப்பூசி போடாதவர்கள். மீதி 3,398 பேர் குத்திக்கொண்டவர்கள். ஆக, படுக்கையில் கிடந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தடுப்பூசி போட்டவர்கள். இதோடு நிறுத்தினால், ஊசியால் என்ன பயன் என்றுதான் தோன்றும். அடுத்த வரியையும் பார்க்க வேண்டும். குத்திக்கொள்ளாதவர்களில் 100க்கு 35.5 பேர் இறந்தார்கள். குத்திக்கொண்டவர்களில் இறந்தவர்கள் 100க்கு 6.3 பேர்.

இந்தக் கணக்கை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் மாமா.

2022 தை மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். ஒமிக்ரான் பரவிக்கொண்டிருந்த நேரம். இரவு ஊரடங்கு, ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு, கல்யாணத்துக்கு 100 பேர்தான் என்று அரசு உத்தரவு. யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது என்று பட்டியலை அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தோம். அம்மாவின் தம்பிதான் வேலைகளையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார். பத்திரிகை வைப்பதற்காக வியாசர்பாடி, கொளத்தூர், மாதவரம் என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். முதல் கொரோனா ஊசியை அவர் 2021 ஏப்ரலில் போட்டிருந்தார். இடைவெளியை 12 வாரத்துக்கு மேல் நீட்டியதால் இரண்டாவதை ஜூலையில் போட்டார். மூன்றாவது ஊசி ஜனவரியில் தொடங்கியபோது, இரண்டாவது போட்டு 9 மாதம் ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். அவருக்கு அது ஆகியிருக்கவில்லை.

முகூர்த்தம் நெருங்கிய நேரத்தில் அவருக்குத் தொண்டை கரகரத்தது. சளி எடுத்துப் பார்த்ததில் கொரோனா என்று வந்தது. தாய்மாமன் இல்லாமல் எங்கள் வீட்டில் மாலை எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது. அவர் மகனை நிறுத்தலாம் என்றால், ஒரே வீட்டில் இருப்பவன், அவனும் வரக்கூடாது. அத்தையும் வரமுடியாது. கடைசியில் காஞ்சிபுரத்திலிருந்து அம்மாவின் பெரியப்பா மகனை வரவழைத்து அவர் கையால் மாலை போடச் செய்தோம். சீர்த்தட்டுகளை மாமா வீட்டு வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்ள, எங்கள் ஆட்கள் போய் எடுத்துவந்தார்கள். பத்திரிகை வைத்த வீடுகளுக்கெல்லாம் மாமாவே போன் போட்டு, “எனக்கு வந்திருக்கு, நீங்க ஜாக்கிரதையா இருங்க” என்று சொன்னார். அந்தப் போன்களைப் போட அவர் ஒரு கணமும் தயங்கவில்லை. அவர்மேல் எனக்கிருந்த மரியாதை அன்று இன்னும் கூடியது.

மண்டபத்தில் வாய்க்கு வாய் ஒரே கேள்வி: “ரெண்டு ஊசி போட்டும் வந்துச்சே, அப்புறம் எதுக்குப்பா ஊசி?”

அதற்குப் பதில் சொன்னவர் பாட்டி. அவருடைய இடது கையில் அம்மை குத்திய தழும்பு பெரிய வட்டமாக இருக்கும். கைப்பிடியின் நுனியில் சிறு முட்கள் வைத்த வட்டத் தகடு ஒன்று அந்தக் காலத்தில் இருந்தது. அம்மைப்பால் என்ற தடுப்பு மருந்தைத் தடவி, தகட்டைத் தோலில் வைத்து ஒரு திருகு திருகுவார்கள். பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடி ஒளியும். பாட்டியின் நெற்றியோரத்தில் அம்மை வடுக்களும் உண்டு, விரல்விட்டு எண்ணிவிடலாம். “எனக்கும் குத்தின பொறவுதான் முத்து போட்டுச்சு. நாலஞ்சு முத்து, சீக்கிரமே காஞ்சு உதிர்ந்துடுச்சு. பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குக் குத்தலை. அது போயிடுச்சு” என்றார்.

பாட்டி சொன்னதைத்தான் டாக்டர் ராவ் தனி வகையாகவே பிரித்துவைத்திருக்கிறார். கொப்புளங்கள் குறைவாக வந்து, விரைவாகக் காய்ந்து, ஆளை எழுப்பிவிடும் தணிந்த வகை அது. குத்திக்கொண்ட நோயாளிகளில் 25.3 சதவீதம் பேருக்கு இந்த வகை வந்திருக்கிறது. குத்திக்கொள்ளாதவர்களில் 2.1 சதவீதம் பேருக்கு மட்டுமே. இந்த வகை வந்தவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. ரத்தம் கசியும் கொடிய வகை வந்தவர்களை மட்டும் ஊசியாலும் காப்பாற்ற முடியவில்லை. இரு பக்கத்திலும் அநேகமாக எல்லோரும் இறந்தார்கள். அதையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதனால்தான் அவர் கணக்கை நம்ப முடிகிறது.

தடுப்பூசியின் பலம் நாளாக ஆகக் குறையும் என்பதும் பழைய பாடம். 1798இல் மாட்டம்மைப் பாலைப் பற்றி எழுதிய எட்வர்ட் ஜென்னர், ஒருமுறை குத்தினால் ஆயுளுக்கும் போதும் என்று நம்பினார். 1802இல் அந்தப் பால் பம்பாய்க்கு வந்து, ஒரு குழந்தையின் கையிலிருந்து இன்னொரு குழந்தையின் கைக்கு மாற்றி மாற்றிக் கொண்டுவரப்பட்டுச் சென்னையையும் எட்டியது. சில பத்தாண்டுகளிலேயே, குத்திக்கொண்டவர்களுக்கும் அம்மை வருவதை ஐரோப்பிய மருத்துவர்கள் கண்டார்கள். மறுபடி குத்தும் வழக்கம் அப்படித்தான் பிறந்தது. நம் ஊரில் அம்மைப்பால் தயாரிப்பதற்காகவே 1899இல் கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட் தொடங்கப்பட்டது. 2020இல் தமிழகத்தில் கொரோனா சோதனை முதலில் தொடங்கியதும் அதே வளாகத்தில்தான்.

தணிந்த நோயில் ஒரு ஆபத்து இருக்கிறது. வந்தவருக்கு எழுந்து நடமாடத் தெம்பிருக்கும். நடமாடினால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். இந்த இடத்தில்தான் நம் வீடுகளின் பழைய வழக்கம் கைகொடுத்தது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் வெளியாள் உள்ளே வரமாட்டார். வீட்டில் தாளிப்பு கிடையாது, எண்ணெய்க் குளியல் கிடையாது. அம்மை இறங்கியபின் தலைக்கு ஊற்றும் மூன்றாம் தண்ணீர் முடியும்வரை அந்த வீட்டார் எந்த விசேஷத்துக்கும் போகமாட்டார்கள். பாட்டியின் அண்ணன் கல்யாணமே அப்படித் தள்ளிப்போனதுதான். “அம்மா உள்ள இருக்கும்போது வாசல்ல மேளம் கொட்டலாமா?” என்பார். மாரியம்மன்மேல் இருந்த பயபக்தியால் வந்த கட்டுப்பாடு அது. நோய் ஒரு வீட்டோடு நிற்பதற்கும் அது உதவியது. 1974, 75இல் வட மாநிலங்களில் அரசே இதைச் செய்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில் இரவும் பகலும் காவலாளிகளை உட்காரவைத்து, வருவோர் போவோருக்கெல்லாம் அங்கேயே ஊசி போட்டார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். 1980இல் உலகத்திலேயே பெரியம்மை இல்லை என்று அறிவித்தார்கள்.

ஊசி மட்டும் போதாது, ஒதுங்கியிருப்பதும் வேண்டும். ஒதுங்கியிருந்தால் மட்டும் போதாது, ஊசியும் வேண்டும். பெரியம்மையை இந்த இரண்டும் சேர்ந்துதான் விரட்டின. மாமா இரண்டையும் செய்தார். இரண்டு நாள் காய்ச்சல், கொஞ்சம் உடம்பு வலி. விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவை 97க்குக் கீழே காட்டவே இல்லை. முந்தைய ஆண்டு மே மாதத்தில், ஊசி போட வாய்ப்பு வருவதற்கு முன்பே எங்கள் உறவில் போனவர்களை நினைத்தால், ஒரு முகூர்த்தத்துக்குத் தாய்மாமன் வராதது ஒரு குறையே இல்லை. மறுவீட்டு விருந்தை அவர் வீட்டில் இரண்டு வாரம் தள்ளி வைத்தோம். அவரே பந்தியில் நின்று பரிமாறினார்.

“ஊசி போட்டும் வந்துச்சே” என்ற கேள்வி அடுத்த நோய் வரும்போதும் வரும். கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு மருத்துவர் படுக்கை படுக்கையாகப் பார்த்து எழுதிய அந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பாடத்தில் சேர்க்க வேண்டும். 35.5, 6.3 என்ற இரண்டு எண்களைப் புரிந்துகொள்ள எட்டாம் வகுப்புக் கணக்கே போதும். அதைப் படித்த பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.