அப்புச்சிக்கு ஓட்டு இல்லாத தேர்தல்

எங்கள் தெருவில் ஒரு அமெரிக்கப் பாட்டி இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். 2024 அக்டோபரில் சனி, ஞாயிறு வந்தால் போதும், டெமாக்ரடிக் கட்சியின் துண்டுத் தாள்களைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு, பாலம் தாண்டிப் பென்சில்வேனியாவுக்குப் போய்விடுவார். "ஏன், நம்ம நியூ ஜெர்சியில் தட்டுவதற்குக் கதவே இல்லையா?" என்று கேட்டேன். "இங்கே முடிவு தெரிந்த கதை. ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் ஓட்டுக்கு மதிப்பு" என்றார்.

பிறகு அவர் கேட்டார்: "உங்கள் நாட்டில் ஜனாதிபதிக்கு எப்படி ஓட்டுப் போடுவீர்கள்?"

போடமாட்டோம் என்றேன். அவர் நம்பவில்லை. 1997-ல் எங்கள் அப்புச்சியும் நம்பவில்லை.

எங்கள் ஊர் கோபாலபுரம். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிற வழியில் செக்போஸ்ட் இருக்கும் ஊர். கேட்டுக்கு இந்தப் பக்கம் கேரளா, அந்தப் பக்கம் தமிழ்நாடு. ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, ரெண்டு பக்கமும் ஒரே தமிழ். எனக்கு அப்போது 17 வயது. அந்த ஜூலையில் ஜனாதிபதி தேர்தலில் இரண்டே பேர் நின்றார்கள். ஒருவர் கே.ஆர். நாராயணன். உழவூரில் பிறந்தவர் என்றாலும், எங்கள் மாவட்டத்து ஒற்றப்பாலத்தில் 1984, 1989, 1991 என்று மூன்று முறை எம்.பி. ஆனவர். இன்னொருவர் டி.என். சேஷன். பாலக்காடு திருநெல்லாயில் பிறந்த, வீட்டில் தமிழ் பேசிய மனிதர்.

சேஷன் என்றால் அப்புச்சிக்கு உயிர். 1990 டிசம்பர் முதல் 1996 டிசம்பர் வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்து, அரசியல்வாதிகளை நடுங்க வைத்தவர் ஆயிற்றே! அடையாள அட்டை கொடுக்காவிட்டால் தேர்தலே கிடையாது என்று அடம் பிடித்தவர். அப்படி வந்த அட்டையை அப்புச்சி பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். நில பத்திரத்துக்கு அடுத்த மரியாதை அதற்குத்தான்.

"ஏண்டா கண்ணு, நமக்கு என்னைக்கு பூத்து?" என்று கேட்டார்.

"நமக்கு ஓட்டு இல்லீங்க அப்புச்சி. எம்.பி., எம்.எல்.ஏ.தான் போடுவாங்க."

அட்டையை ஒரு முறை பார்த்தார். "அப்பறம் இதை எதுக்குக் குடுத்தாரு?"

இந்தக் கேள்விக்கு எனக்கு அன்று பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். 1947 ஜூலையிலேயே அரசியல் நிர்ணய சபையில் நேரு பேசியிருக்கிறார். நிஜ அதிகாரம் மந்திரிசபையிடம் இருக்கும்போது, நாடே ஓட்டுப் போட்டு ஒரு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தால், அவர் போட்டி அதிகார மையமாகிவிடுவார் என்பது வாதம். கே.டி. ஷா நேரடித் தேர்தல் கேட்டார், சபை ஏற்கவில்லை. வாதத்தில் நியாயம் இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். (பி.காம். படித்தவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்!) ஒரு எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு என்றால், அவர் மாநிலத்தின் 1971 மக்கள்தொகையை மொத்த எம்.எல்.ஏ.க்களால் வகுத்து, அதை மறுபடி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். கேரளாவில் 2 கோடியே 13 லட்சம் பேர், 140 எம்.எல்.ஏ.க்கள், விடை 152. தமிழ்நாட்டில் 4 கோடியே 12 லட்சம், 234 பேர்; விடை 176. ஆக எங்கள் செக்போஸ்ட் கேட்டுக்கு இந்தப் பக்கத்து எம்.எல்.ஏ.வுக்கு 152, அந்தப் பக்கத்தவருக்கு 176. உத்தரப்பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. 1997-ல் ஒரு எம்.பி.யின் ஓட்டு 708. அப்புச்சியின் ஓட்டு சைபர்.

குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாது என்பதற்காகத்தான் 1976-ல் அந்தப் பழைய கணக்கை அப்படியே நிறுத்தினார்கள். 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கு வரும்வரை அதுதான்.

ஜூலை 14 ஓட்டுப் பதிவு, 17 எண்ணிக்கை. காங்கிரஸ், ஐக்கிய முன்னணி, பா.ஜ.க. எல்லாம் நாராயணன் பக்கம். சேஷனுக்குச் சிவசேனையும் சில சுயேச்சைகளும். நாராயணனுக்கு 9,56,290; சேஷனுக்கு 50,631. ஆறில் ஒரு பங்கு தேறாததால், அந்த வருஷம்தான் 2,500-லிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தியிருந்த டெபாசிட்டும் போயிற்று. வாக்காளன் கையில் அட்டை கொடுத்தவர், வாக்காளனே இல்லாத தேர்தலில் நின்று தோற்றார்.

பாலக்காட்டுத் தமிழருக்கு இது இரண்டாவது தோல்வி. 1987-ல் வைத்தியநாதபுரத்தில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் எதிர்க்கட்சி வேட்பாளராக நின்றார். ஈ.எம்.எஸ். மந்திரிசபையில் அமைச்சராக இருந்தவர், பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதி. எதிரே தஞ்சாவூர்க்காரர் ஆர். வெங்கட்ராமன். வெங்கட்ராமனுக்கு 7,40,148, கிருஷ்ணய்யருக்கு 2,81,550. இரண்டு பேருமே வீட்டில் தமிழ் பேசியவர்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னபோது, "பாவம் உங்கள் தாத்தா" என்றார். நான் விடவில்லை. இங்கேயும் 538 எலெக்டர்கள்தானே தேர்ந்தெடுக்கிறார்கள்? நியூ ஜெர்சிக்கு 14, ஆற்றுக்கு அந்தப் பக்கம் 19. 2000-ல் அல் கோர் ஐந்து லட்சத்துக்கும் மேல், 2016-ல் ஹிலாரி 28 லட்சத்துக்கும் மேல் அதிக ஓட்டு வாங்கியும் தோற்றார்களே! பாட்டி சிரித்துவிட்டார். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை பாலம் தாண்டிப் போனார்.

ஒரு விஷயம் பாக்கி. 1998 பிப்ரவரி 16, பொதுத் தேர்தல். பதவியில் இருக்கும் ஜனாதிபதி ஓட்டுப் போடுவதில்லை என்பது அதுவரை வழக்கம். நாராயணன் அதை மாற்றினார். ராஷ்டிரபதி பவன் வளாகத்துப் பள்ளியில் இருந்த பூத்துக்குப் போய், மற்றவர்களோடு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன்.

"நம்மளால அவருக்குப் போட முடியல. அவரு நம்ம வரிசைக்கு வந்துட்டாரு" என்றார் அப்புச்சி.

அதன் பிறகு அவர் அந்த அட்டையைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் வெள்ளை வேட்டி கட்டி, முதல் ஆளாகப் போய் நிற்பார். 2024 நவம்பரில் நானும் இங்கே முதல் முறையாக ஓட்டுப் போட நின்றேன். என் ஓட்டால் நியூ ஜெர்சியில் ஒன்றும் மாறப்போவதில்லை என்று தெரியும். இருந்தும் காலையிலேயே போய்விட்டேன். எனக்கு முன்னால் பாட்டி நின்றிருந்தார்.

உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எலெக்டோரல் காலேஜ் பாடம் படித்துவிட்டு வந்து, நம் ஊரில் எப்படி என்று கேட்டால், 152-க்கும் 176-க்கும் நடுவே நிற்கிற எங்கள் செக்போஸ்ட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.