பாலமோர் பக்கம் ஒரு தனி நடை

சின்ன வயசுல அப்பாவோட நாகர்கோவில் பாலமோர் ரோட்டுக்குப் போகும்போதெல்லாம், அங்க முன்னாடி பாலும் மோரும் வித்திருப்பாங்கன்னு நினைச்சுக்குவேன். (சிரிக்காதீங்க, நீங்களும் இப்படி எதையாவது நினைச்சிருப்பீங்க.) கொஞ்சம் வளர்ந்தப்புறம் பேப்பர்ல மழை அளவு பட்டியல் பார்ப்பேன். எங்க ஊர் கொட்டாரமும் அதுல வரும், பாலமோரும் வரும். நம்ம ஊருக்கு ஒத்தை இலக்கத்துல தூறியிருக்கும். பாலமோர்ல கொட்டித் தீர்த்திருக்கும். அப்பதான் தெரிஞ்சது, பாலமோர்ங்கிறது மலைமேல இருக்கிற ஒரு தோட்டம், அந்த ரோடு அங்க போறதுக்கான வழின்னு.

போன லீவுல ஊருக்குப் போனப்போ அந்தப் பக்கம் ஒரு நடை போகணும்னு தோணிச்சு. பொட்டி தட்டி பொட்டி தட்டி முதுகு வளைஞ்சு போன எனக்கு மனுஷ வாடையே இல்லாத இடம் வேணும். கூட வர்றேன்னு சொன்ன மச்சானையும் கழட்டி விட்டாச்சு. காலைல வடசேரியில பஸ் ஏறி திட்டுவிளை, தடிக்காரன்கோணம் தாண்டி கீரிப்பாறையில இறங்கினேன். காளிகேசம் பக்கத்துல இருக்கிற வட்டப்பாறை அருவி வரைக்கும் நடைன்னு திட்டம். செக்போஸ்ட்ல பேரு எழுதினப்போ "தனியாவா?"ன்னு கேட்டாங்க. பெருமையா "ஆமா"ன்னேன்.

கொஞ்ச தூரம் போனதும் ரெண்டு பக்கமும் ஒரே நிழல். 'ஆஹா, காடு'ன்னு மனசு துள்ளிச்சு. அப்புறம்தான் கவனிச்சேன், மரமெல்லாம் அளந்து வச்ச மாதிரி வரிசையா நிக்குது. ஒவ்வொண்ணுலயும் சாய்வா ஒரு கீறல், அதுக்குக் கீழ ஒரு சிரட்டை. எல்லாம் ரப்பர். இத்தனை நேரமா நான் ரசிச்சது காட்டை இல்ல, தோட்டத்தை!

இங்கதான் கதையே ஆரம்பிக்குது. அசம்பு மலைன்னு சொல்ற இந்த மலைத்தொடர் அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்தது. 1860களில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் இங்கே காட்டை வெட்டிக் காப்பி போட்டார்கள். காப்பி மூட்டையைக் கீழே இறக்கணும்னா பாதை வேணும். மரம் வெட்டவும், பாதை போடவும், பழம் பறிக்கவும் கூலி ஆள் வேணும். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிச்சது 1855ல். அதாவது தோட்டம் வர்றதுக்குச் சில வருஷம் முன்னாடிதான். நேத்து வரைக்கும் வயலோடு சேர்த்து விற்கப்பட்ட சனங்களுக்கு, கையில காசாகக் கூலி கிடைக்கிற ஒரு வேலை முதல்முறையா மலையில தெரிஞ்சது. மழை, குளிர், அட்டை, காய்ச்சல் எல்லாம் சேர்ந்த வேலைதான். இதே தெற்குத் திருவிதாங்கூரிலிருந்து கடல் தாண்டி இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குப் போனவங்களும் உண்டு.

1869ல் இலங்கையில காப்பி இலையில ஆரஞ்சு நிறத்துல பொடிப் பொடியாப் புள்ளி தெரிஞ்சது. இலைத்துரு நோய், ஒரு பூஞ்சை. அடுத்த இருபது வருஷத்துல இலங்கைக் காப்பியையே காலி பண்ணிடுச்சு. தென்னிந்திய மலைகளையும் விடல. அப்புறம் தேயிலை வந்தது, 20ம் நூற்றாண்டுல ரப்பர் வந்தது. 1956 நவம்பர் 1ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்தது.

இதை எல்லாம் நான் புத்தகத்துல படிச்சிருந்தேன். மீதியைச் சொன்னது வழியில பார்த்த ஒரு பெரியவர். பால்வெட்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சுல நம்ம நாஞ்சில் இழுப்பே இல்ல. வீட்டை 'லயம்'னு சொன்னார்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"கண்டிப் பக்கம் தம்பி. பத்து வயசுல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கினோம். அப்புறம் இந்த மலைதான்."

1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏத்துக்கணும்னு முடிவாச்சு. "எங்கே போக விருப்பம்"னு அந்த சனங்களைக் கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசினதா தெரியல. அப்படி வந்தவங்கள்ல சிலருக்கு இந்த மலையில அரசு ரப்பர்த் தோட்டம் போட்டு வேலை கொடுத்தாங்க. 1984ல் அது அரசு ரப்பர் கழகம் ஆச்சு. நோயும் மனுஷனும் வந்தது ஒரே திசையிலிருந்து. தோட்டத்தைக் காலி பண்ணினது ஒண்ணு, திரும்ப வளர்த்தது இன்னொண்ணு.

பெரியவர் வரிசையைக் கை காட்டினார். "இந்தப் பக்கம் பூரா நாங்க நட்டது தம்பி. பால் வெட்டி முடிஞ்சு, மரம் கிழடாகி, அதை அடிச்சுட்டு மறுபடி நட்டதும் நாங்கதான். ஒரு மரம்கூட நம்ம பேர்ல இல்ல." கோபமா சொல்லல, கணக்கு சொல்ற மாதிரி சொன்னார். எனக்குத்தான் பதில் வரல. அருவிக்கு வழி கேட்டேன். "எடது கைப்பக்கம் போகாதீங்க, வழுக்கும்"னார்.

அவர் சொன்ன வழியிலேயே போனேன். ரப்பர் முடிஞ்சு நிஜமான காடு வந்தது. 2008ல் இந்தக் காடுகளை வனவிலங்கு சரணாலயமா அறிவிச்சிருக்காங்க. ஓடைச் சத்தம் முன்னாடியே கேட்டுச்சு. வட்டப்பாறை ஒண்ணும் குற்றாலம் மாதிரி பிரமாண்டம் கிடையாது. பக்கத்துல சின்னதா ஒரு காளி கோயில். தண்ணி மட்டும் ஐஸ்! கால்ல ரெண்டு அட்டை கடிச்சு ரத்தம் வந்ததே குளிச்சு முடிச்ச பிறகுதான் தெரிஞ்சது.

பாறையில உட்கார்ந்திருந்தப்போ செக்போஸ்ட்ல சொன்ன அந்த "ஆமா" ஞாபகம் வந்து வெட்கமா இருந்தது. என்னத்த தனியா? காட்டுக்குள்ள முதல்ல தடம் போட்டவங்க காணிக்காரங்க. காப்பி மூட்டை சுமந்து அதை அகலமாக்கினவங்க பேரு எதுலயும் இல்ல. நிழல் தந்த மரத்தை நட்டவர் அரை மணி முன்னாடிதான் எனக்கு வழி சொன்னார். நான் செஞ்சது எல்லாம் அவங்க போட்ட வழியில செருப்பு போட்டு நடந்தது.

திரும்பும்போது அவரைத் தேடினேன், இல்ல. பேரைக்கூடக் கேட்காம வந்துட்டேன். மறுநாள் காலைல கொட்டாரத்துல டீக்கடை பேப்பர்ல மழை அளவு பார்த்தேன். பாலமோர்ல நல்ல மழை. மழை பெஞ்சா பால்வெட்டு கெட்டுப்போகும்ங்கிறது அன்னிக்குத்தான் முதல் தடவையா மனசுல பட்டுச்சு.

மக்கா, உங்க வீட்டுத் தாத்தா பாட்டி யாராவது மலைத் தோட்டத்துக்கோ இலங்கைக்கோ வேலைக்குப் போயிருந்தா, உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்க. நான் விட்ட மாதிரி விட்டுடாதீங்க. முதல்ல பேரைக் கேளுங்க.