இசைச் செருகுநிரல்

இசைப்பதிவு மென்பொருளுக்குள் பொருத்திக்கொள்ளும் சிறு நிரல், புழக்கத்தில் 'ப்ளக்-இன்'. எதிரொலி சேர்க்கும், சுருதி திருத்தும், வீணைபோல ஒலிக்கும். ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட விஎஸ்டி தரம்தான் இத்துறையைத் தனிமனிதருக்குத் திறந்துவிட்டது. பெரும்பாலும் சி++ மொழியில் எழுதுவார்கள்.

எழுதுவதைவிடப் பராமரிப்பதே பெரும்பாடு. ஆப்பிள் 2019-இல் 32 பிட் நிரல்களைக் கைவிட்டது, 2020-இல் சில்லையே மாற்றியது. அதற்கு முன்பே, 2018-இல், ஸ்டைன்பெர்க் விஎஸ்டி 2-இன் உருவாக்கக் கருவித்தொகுப்பை விநியோகிப்பதை நிறுத்தியது. ஒவ்வொரு முறையும் பழைய நிரலைத் தட்டி நிமிர்த்த வேண்டும். மேக் கணினிக்கு எழுதி முறைப்படி வெளியிட ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு இது காசே அல்ல. புதுச்சேரியில் தனியாக உட்கார்ந்து இலவச நிரல் எழுதுபவருக்கு அப்படியல்ல.

கர்நாடக இசைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சுரங்களைக் கணினிக்குத் தெரிவிக்கும், 1983-இல் வந்த மிடி முறை பியானோ விசைகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. அதில் சுருதியை வளைக்கலாம். ஆனால் அந்த வளைவு ஒரே தடத்தில் ('சேனல்') ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும். தோடி ராகத்தின் காந்தாரத்தை நிலையான ஒற்றைச் சுரமாக ஒலித்தால் அது தோடியே அல்ல. இதற்குத் தமிழகத்தில் கிடைத்த நல்ல விடை, செருகுநிரல் அல்லாத தனி மென்பொருளான 'காயகா'. எம். சுப்பிரமணியன் உருவாக்கிய இது, எழுத்தில் தட்டச்சிட்ட சுரக்குறிப்பைக் கமகத்தோடு, அதாவது சுர அசைவுகளோடு, வாசிக்கும்.