மண்ணில்லாச் சாகுபடியில் கால்நடை எரு: நுண்ணுயிர்களுக்குரிய இடம்

மண்ணின்றிக் காய்கறி விளைவிக்கும் முறையில் சாணத்தையும் ஆட்டுப் புழுக்கையையும் கோழி எருவையும் உரமாகக் கொள்ளலாமா என்ற கேள்வியை, அவற்றில் போதிய சத்து உண்டா என்ற கேள்வியாகவே பலரும் எடுத்துக்கொள்கின்றனர். தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும், இவற்றோடு சுண்ணாம்பும் நுண்சத்துக்களும் எருவில் அடங்கியுள்ளன என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. எருவிலுள்ள தழைச்சத்தை வேர் ஏற்கும் வடிவுக்கு மாற்றித் தரும் காரியத்தை, மண் இல்லாத இடத்தில் எது செய்யும் என்பதே விவாதத்துக்குரியது.

1860ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மனியில் ஸாக்ஸும் க்நாப்பும் நீரில் கரைந்த உப்புக்களை மட்டும் ஊட்டிச் செடிகளை வளர்த்துக் காட்டியதும், 1929ஆம் ஆண்டு தொடங்கிக் கலிபோர்னியாவில் கெரிக்கே அதே தத்துவத்தைத் தக்காளி முதலிய பயிர்களுக்குப் பிரயோகித்ததும் அறிந்த வரலாறு. அத்தகைய கரைசல்களில் தழைச்சத்து பெரும்பாலும் நைட்ரேட்டாகவே இடப்படுவதால், இடையில் வேறோர் உயிரின் உதவி தேவைப்படுவதில்லை. எருவோ அவ்வாறு ஆயத்தமான பொருளன்று. அதிலுள்ள புரதமும் யூரியாவும் முதலில் அம்மோனியாவாகவும், அடுத்து நைட்ரைட்டாகவும், இறுதியில் நைட்ரேட்டாகவும் மாறியாக வேண்டும்.

இம்மாற்றம் உயிர்களின் செயலே என்று 1877ஆம் ஆண்டில் நிலைநாட்டிய பிரெஞ்சு விஞ்ஞானிகளான ஷ்லேசிங், மூன்ட்ஸ் இருவரின் பரிசோதனையை, நம் ஆராய்ச்சிக்கு மூலாதாரமாகவே நான் கருதுகிறேன். மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரப்பிய குழாயின் வழியே அவர்கள் கழிவுநீரை மெல்ல இறக்கினர். சுமார் இருபது நாள் வரை அம்மோனியா மாறாமலே வடிந்தது. அதன் பின்னரே நைட்ரேட் தோன்றலாயிற்று. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. அவ்வாவியை அகற்றிய பின்னும் தானாக மீளாத அம்மாற்றம், சிறிது மண்ணைக் கரைத்த நீரை ஊற்றியபின் மீண்டும் தொடங்கிற்று. உயிர்கள் படிந்து வாழ மணற்பரப்பும், ஊடே புகும் காற்றும், அமிலத்தைத் தணிக்கும் சுண்ணாம்பும், வித்தாகச் சிறிதளவு மண்ணும் கிடைத்துவிட்டால், வயல் செய்யும் வேலையை ஒரு குழாயும் செய்யும் என்பது அன்றே புலப்பட்டுவிட்டது.

சாணக் கரைசலை நேராக வேர்த் தொட்டியில் ஊற்றுவோர் மறப்பது இந்நிபந்தனைகளையே. ஒரு லிட்டர் நீரில் 100 மில்லிகிராம் தழைச்சத்து அம்மோனியமாக இருப்பின், அது முழுவதும் நைட்ரேட்டாக மாறுவதற்கு ஏறத்தாழ 460 மில்லிகிராம் பிராணவாயு செலவாகும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரோ லிட்டருக்குச் சுமார் ஏழரை மில்லிகிராமையே தன்னுள் வைத்திருக்கும். ஆகவே, நீர் தன்னுள் வைத்திருப்பதைப்போல் ஏறத்தாழ அறுபது மடங்கு பிராணவாயு சேருமாறு காற்றை இடைவிடாமல் ஊட்டாவிடில், நுண்ணுயிர்களும் வேர்களும் ஒரே பிராணவாயுவுக்குப் போட்டியிட்டு, வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. சாணத்தின் மற்றக் கரிமப் பொருள்கள் மட்குவதற்கு வேண்டியதை இக்கணக்கில் நான் சேர்க்கவுமில்லை. மாறாது தேங்கும் அம்மோனியம் தக்காளியில் சுண்ணாம்புச் சத்தின் ஏற்பைத் தடுத்து, காயின் நுனி கறுத்து அழுகும் நோய்க்கு வழிசெய்கிறது. சுண்ணாம்புக்கல் இருக்குமாயின், மாற்றத்தில் பிறக்கும் அமிலம் அதைக் கரைத்து, பயிர் வேண்டும் சுண்ணாம்புச் சத்தையும் நைட்ரேட்டோடு சேர்த்தே அளிக்கும்.

இதனாலேயே, எருவை மாற்றும் இடமும் வேர் வளரும் இடமும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும், அன்றேல் நுண்ணுயிர்கள் குடியேறக்கூடிய திடமான வளர்ப்பூடகம் வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். ஜப்பானில் ஷினோஹரா முதலியோர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மட்கிய மரப்பட்டையிலிருந்து நுண்ணுயிர்களை நீரில் சேர்த்து, மீனிலிருந்து செய்த உரத்தைச் சிறிது சிறிதாக இட்டுப் பழக்கி, நைட்ரேட் உண்டான பின்னரே பயிரிட்டனர். அவர்கள் கையாண்டது சாணம் அன்றாயினும், அம்முறையின் நியாயம் சாணத்துக்கும் பொருந்தும். நம் நாட்டிலோ பொள்ளாச்சி வட்டாரத்துத் தென்னை நார்க்கழிவு உலகின் பல பசுமைக்குடில்களுக்கு ஊடகமாகச் செல்கிறது. அதன் உப்பை நன்கு கழுவி, மட்கவைத்து, மண்புழு உரமாக்கிய சாணத்தைக் கலந்தால், நீர்த்தொட்டியைக் காட்டிலும் இடரற்ற வழியொன்று கைக்கெட்டியதாகவே உள்ளது.

நோய்க்கிருமி விஷயத்தில் எவ்விதச் சலுகையும் கூடாது. அமெரிக்க இயற்கை வேளாண்மை விதிகளின்படி, மட்காத எருவை இட்டபின், மண்ணைத் தொடும் விளைபொருளாயின் 120 நாளும், மற்றவையாயின் 90 நாளும் கழிந்தே அறுவடை செய்யவேண்டும். நீரில் வளரும் லெட்யூஸ் கீரையோ சில வாரங்களிலேயே அறுவடைக்கு வந்துவிடுவதால், அங்கே காத்திருத்தல் என்ற பரிகாரமே இல்லை. மூடிய கலனில் 55 டிகிரிக்குக் குறையாத வெப்பத்தில் மூன்று நாளேனும் இருந்து மட்கிய எருவே, பச்சையாக உண்ணும் கீரைக்குரிய கரைசலுக்கு மூலப்பொருளாகலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2018ஆம் ஆண்டின் சட்டத்தால் உயிருள்ள மண்ணில் வேரூன்றிய பயிரையே இயற்கை விளைபொருளென ஏற்றது. அதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்காவின் இயற்கை வேளாண்மை விதிகளுக்கான ஆலோசனைக் குழு நீர்வளர்ப்பை விலக்க மறுத்தது. இயற்கை விளைபொருள் என்ற சான்றிதழ் யாருக்கு என்ற இச்சர்ச்சை எவ்வாறு முடியினும், விவசாயியின் தொட்டியில் எழும் மற்றொரு சிக்கல் தீராது. சுழன்று வரும் கரைசலில், கால்நடைச் சிறுநீரிலிருந்து வரும் சோடியமும் குளோரைடும் பயிரால் அதிகம் ஏற்கப்படாமல் சேர்ந்துகொண்டே போகும். மின்கடத்து திறனை மட்டும் அளந்து சத்து நிறைந்திருப்பதாக முடிவு செய்யாமல், அம்மோனியம், நைட்ரைட், நைட்ரேட், சோடியம் ஆகியவற்றைத் தனித்தனியே சோதித்து, உப்பு மிகுந்த கரைசலில் ஒரு பகுதியை அவ்வப்போது வெளியேற்றி, உப்பைத் தாங்கும் தென்னைக்குப் பாய்ச்சிவிடுதல் வேண்டும்.